மீனவச் சிறுவரும் செயற்கை நுண்ணறிவும்

மடவைக்கும் கிழங்கானுக்கும் உள்ள வேறுபாட்டைப் பழவேற்காட்டுச் சிறுவனுக்கு எவரும் புத்தகம் வைத்துக் கற்பித்ததில்லை. தந்தை வலையை உதறும்போதும், தாய் மீனை வகை பிரிக்கும்போதும் அருகே நின்று, நூறு முறை பார்த்து, இரண்டொரு முறை தவறிச் சொல்லித் திருத்தப்பெற்று அவன் அதனை அறிந்துகொள்கிறான். செயற்கை நுண்ணறிவு என்று இன்று எங்கும் பேசப்படுகின்ற இயந்திர அறிவும் ஏறக்குறைய இவ்விதமே பயிற்றப்படுகிறது. ஏராளமான உதாரணங்களைக் காட்டி, ‘இது இன்னது’ என்று பெயர் சொல்லி, பிழையைத் திருத்தித் திருத்தி அதனைப் பழக்குகிறார்கள். ஆகவே இப்பாடத்தின் முதற்படியை நம் மீனவச் சிறுவர் முன்னமே ஏறிவிட்டனர் எனலாம்.

இப்பாடம் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. கேரளத்தில் 2024ஆம் ஆண்டில் ஏழாம் வகுப்புப் பாடநூலில் இதற்கு இடம் தந்தனர். முகபாவங்களை அடையாளம் காணும் கணினி நிரலை மாணவர்களே அமைத்துப் பார்ப்பது அதிலுள்ள பயிற்சி. தமிழ்நாட்டிலும் 2025ஆம் ஆண்டில் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளுக்கு ‘டி.என். ஸ்பார்க்’ என்னும் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முயற்சிகளே. எனினும் பாடத்தை எழுதுவது தலைநகரம், நடத்துவது ஏரிக்கரை. பிள்ளைகள் கண்டறியாத பொருள்களே உதாரணங்களாக வந்தால், சொற்கள் மனப்பாடம் ஆகுமேயன்றிப் பொருள் விளங்காது. கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி நடைபெறவேண்டும் என்று 1937இல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்திய ஆதாரக் கல்வியின் கருத்தும் இதுவன்றோ!

பழவேற்காட்டுப் பள்ளி ஒன்றில் இப்பாடத்தை எவ்வாறு தொடங்கலாம் என்று பார்ப்போம். முகத்தைக் காட்டிலும் மீனே ஏற்றது என்பது நம் எண்ணம். பிள்ளைகளின் படங்களை வெளியே அனுப்ப நேர்ந்தால் வீண் தொல்லை. 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது. மீனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மடவையை முப்பது படமும், கெளுத்தியை முப்பது படமும் மாணவர் எடுக்கட்டும். கட்டணமின்றிக் கிடைக்கும் ‘டீச்சபிள் மெஷின்’ போன்ற கருவியில் அவற்றை இட்டு, பெயர் சொல்லிப் பழக்கட்டும். இங்கே ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு சூழ்ச்சி செய்யலாம். மடவையை எல்லாம் வெண்மணலிலும், கெளுத்தியை எல்லாம் கறுப்புத் தட்டிலும் வைத்துப் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு மடவையைக் கறுப்புத் தட்டில் வைத்துக் காட்டினால், இயந்திரம் அதனைக் கெளுத்தி என்று சொல்லக்கூடும். அது மீனைக் கற்கவில்லை, தட்டைக் கற்றுக்கொண்டது. மீசையுள்ள கெளுத்தியை ஐந்து வயதுக் குழந்தையும் அறியும் ஊரில், வகுப்பு முழுவதும் நகைக்கும். அந்த நகைப்பிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இது விளையாட்டு மட்டுமன்று. 2018இல் அமெரிக்காவில் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர் முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் இயந்திரங்களைச் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்துக்கு மேற்படவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை சென்றது. பயிற்சிக்குக் காட்டப்பட்ட முகங்களில் ஒரு சாரார் குறைந்தால் அவர்களிடமே பிழை மிகும் என்பதை மீன் தட்டைக் கண்ட பிள்ளைக்கு நீண்ட விளக்கமின்றிச் சொல்லிவிடலாம்.

பெயர்களும் பாடமாகட்டும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. இக்கரையில் கொடுவா என்பது அக்கரைத் தெலுங்கில் பண்டுகப்ப. இயந்திரத்துக்கு எந்தப் பெயரைச் சொல்லித் தருவது? அதற்குத் தெரியாத பெயரைத் தன் பாட்டி சொன்னால், பாட்டியே தவறு என்று பிள்ளை எண்ணிவிடுவதுதான் நாம் அஞ்சும் ஆபத்து. இடுப்பளவு நீரில் நின்று விரலால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் அறிவுக்குப் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. அப்பெண்களில் ஒருவரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து ஆசிரியரின் இருக்கையில் அமர்த்த வேண்டும்.

மேல்வகுப்பினருக்குப் பாடு முறை நல்ல பாடம். ஏரியில் வலை கட்டும் இடங்களைக் குலுக்கல் மூலம் பகிர்ந்து, முறை மாற்றி மீன்பிடிக்கும் வழக்கம் இங்கு நெடுங்காலமாக உள்ளது. யாருக்கு எந்த இடம், ஏன் வந்தது என்பது கூடியிருந்தோர் அனைவருக்கும் தெரியும். கடன் தரலாமா என்று ஒரு வங்கிக் கணினி முடிவு செய்தால், அதன் காரணத்தைக் கேட்க முடியுமா? மாணவர் இதனை விவாதிக்கட்டும். பாட்டிலும் எல்லார்க்கும் பங்கில்லை. கிராமப் பட்டியலில் பெயர் உள்ள குடும்பங்களுக்கே உண்டு. பட்டியலில் விடுபட்டவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால் பெரியோர் சினங்கொள்ளலாகாது. இயந்திரத்தைப் பற்றியும் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம் தரும் மீன்வள அறிவிப்பையும் வகுப்பில் படித்துக் காட்டலாம். துணைக்கோள் மீனைக் காண்பதில்லை. கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் நுண்பாசியின் பசுமையையும் காண்கிறது, அதைக்கொண்டே மீன் கூடுமிடம் ஊகிக்கப்படுகிறது. இதனை அறிந்த சிறுவன், தந்தைக்குச் செய்தியைப் படித்துச் சொல்லும்போது ஊகத்தை ஊகமாகவே சொல்லுவான். படகில் செல்பவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யக்கூடியவை சில உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்பொருளை எடுத்துப் பேசலாம். பள்ளிக் கணினிக்கு இணைய இணைப்பு ஒழுங்காக உள்ளதா என்று பார்க்கலாம். வெளியார் எவரேனும் ஊராரின் குரலையோ படத்தையோ திரட்ட வந்தால், எதற்காக என்பதைக் கிராம சபையில் சொல்லச் செய்யலாம். கணினி பழுதாயினும் பாடம் நிற்க வேண்டியதில்லை. மீன் படம் ஒட்டிய அட்டைகளைக் கொண்டு, ஒரு மாணவனை ‘இயந்திர’மாக நிறுத்தி, மற்றவர் அவனைப் பழக்கலாம். படகுகள் கரைக்கு வந்த பின் காலையில் வகுப்பை வைத்துக்கொண்டால் புது மீனே கிடைக்கும். பாடம் முடிந்ததும் கொண்டு வந்த வீட்டுக்கே அது கறிக்குத் திரும்பிவிடும்.