"ஓபிடி ரத்து" என்று ஃபார்வர்ட் வந்தால்...

போன செமஸ்டர் ஓப்பன் எலெக்டிவ்ல நான் கேட்ட பேப்பர் எல்லாம் ஃபுல். மிச்சம் இருந்தது அரசியல் அறிவியல். "எஞ்சினியருக்கு எதுக்குடா பாலிடிக்ஸ்?" என்று கிளாஸ்ல சிரிச்சாங்க. அதில் அமெரிக்க அரசு பற்றி ஒரு யூனிட். எக்ஸாமோடு மறந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் ராத்திரி என் ரூம்மேட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்ட் வந்தது: "ஓபிடி ரத்து". அமெரிக்காவில் எம்.எஸ். முடித்தபின் அங்கே கொஞ்ச காலம் வேலை பார்க்கத் தரும் அனுமதிதான் ஓபிடி. அவன் கையில் இரண்டு அட்மிட். டெபாசிட் கட்ட நான்கு நாள் பாக்கி. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன். அவன் அப்பா போன் பண்ணி, "பணம் கட்டவா வேண்டாமாப்பா?" என்று கேட்டார். அவனிடம் பதில் இல்லை.

அந்த யூனிட் நோட்ஸை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம். அன்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: யார் செய்தது?

1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் மூன்று பிரிவுகளும் மூன்று அதிகாரங்களைப் பிரித்து வைக்கின்றன.

1. காங்கிரஸ்: சட்டம் இயற்றும் இடம். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், செனட்டில் 100 பேர். இரண்டு சபையும் ஒரே மசோதாவை நிறைவேற்றி, அதிபர் கையெழுத்துப் போட்டால் சட்டம். அவர் வீட்டோ செய்தால், இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். போதாததற்கு, செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு விவாதத்தை முடிக்கவே 60 ஓட்டு தேவை. அதனால் சட்டம் வருவதும் மெதுவாக, போவதும் மெதுவாக.

2. அதிபரும் துறைகளும்: சட்டத்தை நடைமுறைப்படுத்துபவர்கள். அதிபரின் உத்தரவு ஒரே நாளில் வரும், அடுத்த அதிபர் ஒரே நாளில் ரத்தும் செய்யலாம். துறைகள் போடும் விதிகளுக்கு 1946-ல் வந்த ஒரு சட்டப்படி பொதுவாக ஒரு முறை உண்டு: வரைவை வெளியிடணும், மக்கள் கருத்தைக் கேட்கணும், அப்புறம்தான் இறுதி விதி.

3. நீதிமன்றம்: மேற்கண்ட இருவரும் எல்லை தாண்டினால் தடுக்கும் இடம். 1952-ல் அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசு வசம் எடுத்தபோது, "உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை" என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

நம்ம காலேஜ் பாஷையில் சொன்னால், காங்கிரஸ் சட்டம் என்பது யுனிவர்சிட்டி ரெகுலேஷன். அதிபர் உத்தரவு என்பது நோட்டீஸ் போர்டு சர்க்குலர். சர்க்குலர் ரெகுலேஷனை மீற முடியாது. ஆனால் நாளைக் காலையில் மாறலாம்.

இப்போ ஓபிடிக்கு வருவோம்

மாணவர் விசாவான எஃப்-1, 1952-ல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் இருக்கிறது. ஓபிடி அதில் இல்லை. 1992-ல் போட்ட துறை விதியில்தான் அந்த 12 மாதம் இருக்கிறது. எஞ்சினியரிங், அறிவியல் மாணவர்களுக்கு 2008-ல் இன்னொரு 17 மாதம் சேர்ந்தது. மக்கள் கருத்தைக் கேட்காமல் போட்ட விதி என்று 2015-ல் ஒரு நீதிமன்றம் அதைத் தள்ளியது. முறைப்படி கருத்துக் கேட்டு 2016-ல் புது விதி போட்டார்கள். அது 24 மாதம் ஆனது.

இன்னொரு உதாரணம், 2020 ஜூலை 6. ஆன்லைனில் மட்டும் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டில் இருக்கக் கூடாது என்று குடியேற்றத் துறை அறிவித்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குப் போட்டன. ஜூலை 14-ல் அரசே வாபஸ் வாங்கியது. ஒன்பதாம் நாள் எல்லாம் பழையபடி. நடுவில் எத்தனை பேர் டிக்கெட் போட்டிருப்பார்கள், யோசிச்சுப் பாருங்க.

ஹெச்-1பி வேறு ரகம். ஆண்டுக்கு 65,000, அங்கே முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000 என்ற வரம்பு சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கூட்ட காங்கிரஸ்தான் வேண்டும்.

நாங்கள் கண்டுபிடித்தது

அந்த ஃபார்வர்டின் மூலச் செய்தியைத் தேடினோம். ஓபிடியை நிறுத்தச் சொல்லி ஒரு உறுப்பினர் தாக்கல் செய்த மசோதா, அவ்வளவுதான். எந்த உறுப்பினரும் மசோதா தாக்கல் செய்யலாம்; பெரும்பாலானவை கமிட்டியோடு நின்றுவிடும்.

"அப்போ பயமில்லையா மச்சி?" என்றான். இருக்கு என்றேன். மசோதாவைப் பார்த்து அல்ல. ஓபிடி வெறும் விதியில் நிற்பதால், காங்கிரஸைக் கேட்காமலே ஒரு நிர்வாகம் அதை மாற்ற ஆரம்பிக்கலாம். மாதக்கணக்கில் ஆகலாம், வழக்கு வரலாம். ஆனால் முடியும்.

அதனால் கணக்கை மாற்றிப் போட்டோம். ஓபிடியே கிடைக்காமல் ஊருக்குத் திரும்பி இங்கத்திய சம்பளத்தில் அடைத்தால் எத்தனை வருஷம்? பெரிய பெயருள்ள யுனிவர்சிட்டிக்கு பதினாறு வருஷம் வந்தது. ஃபீஸ் குறைவான இன்னொன்றுக்கு ஏழு. அப்பாவுக்குப் போன் போட்டு இரண்டு எண்ணையும் சொன்னான். மறுநாள் இரண்டாவதற்கு டெபாசிட் கட்டினார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று கேளுங்க: இதைச் செய்தது காங்கிரஸா, அதிபரா, துறையா, கோர்ட்டா? இது வெறும் மசோதாவா, வரைவா, அமலுக்கு வந்துவிட்டதா? இதை மாற்ற யாரால் முடியும்? பதில் தெரியும்வரை ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அந்தப் பக்கம் யாராவது ஒரு அப்பா பணத்தோடு காத்திருக்கலாம்.