அரை லோடுதான் ஆபத்து

சரக்கு லாரியிலிருந்து டேங்கருக்கு மாறப் போகிறீர்களா? பிரேக் பிடிப்பதைப் புதிதாகப் பழகுங்கள். செங்கல் லோடு வண்டியோடு சேர்ந்து நிற்கும். பாலும் டீசலும் நிற்காது. முன்னால் பாய்ந்து தொட்டியின் முகப்பில் மோதும், பின்னால் போகும், திரும்பி வரும். வண்டி நின்ற பிறகும் அந்த அடி விழும். சாலை ஈரமாக இருந்தால், சிக்னலில் நின்ற லாரியையே சந்திப்புக்குள் தள்ளிவிடும்.

ஒவ்வொரு வினாடியும் மணிக்கு 11 கி.மீ. வேகம் குறையும்படி பிரேக் அழுத்தினால் திரவத்தின் மேல்மட்டம் சுமார் 17 டிகிரி சாயப் பார்க்கும். 6 மீட்டர் நீளத் தொட்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் 1.8 மீட்டர் வித்தியாசம்! பல தொட்டிகளின் உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான். பாதி நிரம்பிய தொட்டியில் லோடின் பெரும்பகுதி முன்பக்கம் குவிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த தொட்டியில் புரள இடம் குறைவு, காலித் தொட்டியில் புரள ஒன்றுமில்லை. எடை குறைந்துவிட்டது என்று அரை லோடில் வேகம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

வேலையில் சேரும் நாளே முதலாளியிடம் கேளுங்கள்: தொட்டிக்குள் தடுப்புத் தகடு இருக்கிறதா? துளையிட்ட அந்தத் தகடுகள் முன்பின் பாய்ச்சலை அடக்கும். கழுவிச் சுத்தம் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று பால் டேங்கர்கள் பலவற்றில் அவற்றை வைப்பதில்லை. அந்த வண்டியில் முன்னால் போகும் வாகனத்திலிருந்து இன்னும் தள்ளியே வாருங்கள். பிரேக்கை ஒரே சீராக அழுத்துங்கள், நின்ற பிறகும் காலை எடுக்காதீர்கள்.

பக்கவாட்டில் புரள்வதைத் தகடு தடுக்காது. டேங்கர் கவிழ்ந்துவிடும் என்று வளைவில்தான் அதிகம் பயப்பட வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் எடுக்கும் வளைவை 60-இல் எடுத்தால் வெளிப்பக்க இழுப்பு 2.25 மடங்கு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், உள்ளே போய் பிரேக்கைத் தேடாதீர்கள். இடப்பக்கம் வெட்டி உடனே வலப்பக்கம் ஒடிப்பது அதைவிட மோசம். முதல் திருப்பத்தில் ஒதுங்கிய திரவம் இரண்டாவதில் முழு வேகத்தோடு எதிர்ப்பக்கம் சாயும்.

பெட்ரோல், எரிவாயு, அமிலம் ஏற்றுவதானால் கனரக உரிமம் மட்டும் போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 9-ஆம் விதிப்படி தனிப் பயிற்சி முடித்து, உரிமத்தில் அதற்கான பதிவைப் பெற வேண்டும். அது காலாவதியாகும் தேதியையும் குறித்து வையுங்கள்.