சேம்பும் கெலாடியும்

‘கெலாடி இலையில் நீர் ஊற்றுவது போல’ என்ற மலாய்ப் பழமொழியை இடைநிலைப்பள்ளியில் நாம் அனைவரும் படித்திருப்போம். எவ்வளவு அறிவுரை கூறினாலும் மனத்தில் ஒட்டாதவரைக் குறிப்பது அது. என்னுடன் பயிலும் நண்பர்கள் சிலரிடம் கேட்டேன். கெலாடி என்பது ஓடைக்கரையில் முளைக்கும் களை என்றனர். சேப்பங்கிழங்கு என்பது கடையில் விற்கும் கிழங்கு என்றனர். உண்மையில், கெலாடி என்ற பெயருக்குள் நம் சேம்பும் அடக்கம். உண்ணக் கூடாத அதன் உறவுகளும் அடக்கம். ஆகவே, இச்செடியை அறிந்துகொள்வது மொழியறிவுக்காக மட்டுமன்று, நம் பாதுகாப்புக்காகவும்தான்.

இலக்கியத்தில் சேம்பு

குறுந்தொகையின் 76ஆம் பாடலில் கிள்ளிமங்கலங்கிழார், வாடைக்காற்றில் அசையும் சேம்பிலையை ஆண் யானையின் காதுக்கு ஒப்பிடுகிறார். ஆங்கிலேயரும் இதனை ‘யானைக் காது’ என்றே அழைக்கின்றனர். இன்றும் யானைகள் உலவும் ஜொகூரின் எண்டாவ் ரொம்பின் காட்டை நினைத்தால், இவ்வுவமை நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

குடும்பமும் அடையாளமும்

சேம்பு ‘அரேசியே’ குடும்பத்தைச் சேர்ந்தது. சேனை, மணி பிளாண்ட், நம் மழைக்காட்டு ஓடைக்கரைகளில் வளரும் கெமோயாங் ஆகியவையும் இக்குடும்பமே. சேம்பிலையில் காம்பு, இலையின் பிளவுக்குச் சற்று உள்ளே, அடிப்பக்கத்தில் இணைந்திருக்கும். இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகளும் மெழுகும் நீரை உருட்டி விடுகின்றன. ‘பிராஹ்’ எனப்படும் பெருஞ்செடியிலோ காம்பு பொதுவாகப் பிளவின் முனையிலேயே சேரும். இலை பளபளப்பாக மேல்நோக்கி நிற்கும்.

எனினும், இலையை மட்டும் பார்த்துக் காட்டுச் செடியைச் சமைக்கக் கூடாது. காட்டுச் சேம்பும் கடுமையாக அரிக்கும். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது பலர் விரும்பி வளர்த்த வண்ணக் கெலாடிகளும் உண்ணத் தக்கவை அல்ல. குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை.

அரிப்பும் சமையலும்

இச்செடிகளின் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் எனும் ஊசி வடிவப் படிகங்கள் உள்ளன. அவை தோலிலும் தொண்டையிலும் குத்துவதே அரிப்புக்கு முக்கியக் காரணம். எனவே, சேம்பின் எப்பகுதியையும் பச்சையாக உண்ணக் கூடாது. கையுறை அணிந்து தோல் சீவி, நன்கு வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்பது நல்லது.

நம் வீடுகளில் சேப்பங்கிழங்கைப் புளிக்குழம்பில் இடுவார்கள். மலாய்க்காரர்கள் கெலாடித் தண்டை அசாம் பெடாஸில் சேர்ப்பார்கள். இரு சமையலிலும் புளிப்பு இருப்பதைக் கவனிக்கலாம். தியோச்சியூ சீனர்களோ இதே கிழங்கை மசித்து ‘ஓர் நீ’ எனும் இனிப்பாக்குகின்றனர். ஒரே கிழங்கு மூன்று இனத்தாரின் அடுப்பிலும் வேகிறது.

பயிரிடும் முறை

சேம்புக்கு விதை தேவையில்லை. பக்கக் கன்றையோ, ஒரு சாண் காம்புடன் வெட்டிய கிழங்கின் தலைப்பகுதியையோ நடலாம். செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி விட்டு, மக்கிய எருவிட்டு, மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் அடியில் மண் அணைக்க வேண்டும். பொந்தியான், பத்து பகாட் போன்ற கரிமண் பகுதிகளில் வடிகால் அவசியம். வகையைப் பொறுத்து ஆறு முதல் பத்து மாதங்களில் இலைகள் மஞ்சளாகிச் சிறுக்கும். அதுவே அறுவடைக் காலம்.

இலைக்கருகல் நோயே இதன் பெரும்பகை. 1993இல் சமோவா தீவுகளில் பரவிய இந்நோய், அந்நாட்டின் சேம்பு ஏற்றுமதியை ஏறக்குறைய அழித்தது. அங்கு பெரும்பாலும் ஒரே வகையை நட்டிருந்ததே இழப்பு பெருகக் காரணம். பல வகைகளைக் காப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே சான்று.

நிறைவாக

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் சேர்ந்தபோது, வீட்டு ஓரத்துச் சேம்பும் அதைப் பிரித்தறியும் பழக்கமும் நம்மிடம் குறைந்துவிட்டன. எது குழம்புக்கு ஆகும், எது ஆகாது என்று சொல்லத் தெரிந்த தாத்தா பாட்டிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றனர். இவ்விடுமுறையில் அவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். நம்பிக்கையான ஒரு கன்றையும் வாங்கித் தொட்டியில் நடுவோம்.