வானூர்தி வில்லையைப் புதுக் காமிராவுக்கு இயைத்தல்

வானூர்தியிலிருந்து பூமியைப் படம் பிடித்தற்கென்று செய்யப்பெற்ற வில்லை ஒன்று, செம்பாக்கத்திலுள்ள எம் இல்லத்தில், தகரப்பெட்டி ஒன்றனுள் நெடுங்காலம் கிடந்தது. நிழற்பட நிலையம் நடத்திவந்த என் பாட்டனார் அதனை மூர் மார்க்கெட்டுப் பழம்பொருட் கடையில் வாங்கினார். அச்சந்தை 1985-ஆம் ஆண்டில் தீக்கிரையாவதற்குச் சில ஆண்டுகள் முன் நிகழ்ந்தது அது. அவ்வில்லையால் ஒரு படமேனும் எடுத்தல் வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். அது நிறைவேறுமுன்னரே, சென்ற ஆண்டில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பாட்டியார் அப்பெட்டியை என்னிடம் தந்து, “இதற்கு ஒரு வழி பண்ணு, ராசா” என்றார்.

யான் தமிழிலக்கிய மாணவன். ஒளிநூலில் பள்ளிப் பாடத்திற்கு மேல் அறியேன். எனினும் அச்சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. ஏழு திங்கள் முயன்று கற்றவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு முறைப்படக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். லென்ஸ் என வழங்குவதை ஈண்டு வில்லை என்றே குறிப்பேன்.

வில்லையின் பிறப்பு

ஆங்கிலேய விமானப்படையார் 1925-ஆம் ஆண்டு முதல் எஃப்-24 என்னும் காமிராவைக் கையாண்டனர். அது 5 அங்குலச் சதுரப் படங்களைச் சுருட்பிலிமில் எடுப்பது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கர் அதனைத் தழுவிக் கே-24 என்னும் காமிராவைச் செய்தனர். அதற்கென ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தார் ஆக்கிய வில்லையே எம் பெட்டியில் இருந்த ஏரோ எக்டார். அதன் குவிய தூரம் 7 அங்குலம், அஃதாவது 178 மி.மீ. அதன் திறப்பு எஃப் 2.5. குவிய தூரத்தை 2.5-ஆல் வகுப்பின் 71 மி.மீ. வரும், ஒளி புகும் வாயின் அகலம் அதுவே. விரைந்து செல்லும் ஊர்தியிலிருந்து மங்கிய ஒளியிலும் படம் பதிதற்பொருட்டே இத்துணை அகன்ற வாய் வைத்தனர்.

அதன் வரிசை எண்ணுக்கு முன் ‘ஈ ஈ’ என்று இரண்டு ஆங்கில எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கோடக் நிறுவனத்தார் ‘காமெராசிட்டி’ என்ற பத்தெழுத்து ஆங்கிலச் சொல்லை அமைத்து, அதன் எழுத்துக்களை முறையே 1 முதல் 9 வரையும், இறுதி எழுத்தைச் சுழியமாகவும் கொண்டு, செய்த ஆண்டைக் குறித்தனர். ‘ஈ’ நான்காம் எழுத்தாதலின் ‘ஈ ஈ’ என்பது 44, அஃதாவது 1944. எழுத்தால் எண்ணைக் குறிக்கும் கடபயாதி முறையை அறிந்த நம்மவர்க்கு இது புதுமையன்று. அவ்வில்லையின் வயதைப் பாட்டனார் அறியாமலே போயினார் என்பது மட்டும் என்னை வருத்திற்று.

மூன்று தடைகள்

இவ்வில்லையை இன்றைய டிஜிட்டல் காமிராவோடு சேர்க்குங்கால் மூன்று தடைகள் எதிர்ப்படும்.

முதலாவது, இதற்குக் கதவம் இல்லை. ஒளியை நொடிப்பொழுது விட்டு மறைக்கும் கதவம், கே-24 காமிராவில் பிலிமின் முன்னே திரைபோல் ஓடிற்று. ஆயின் இது தடையாகத் தோன்றினும் தடையன்று. வில்லையை மாற்றத்தக்க இன்றைய டிஜிட்டல் காமிராக்களிலும் பெரும்பாலும் ஒளி உணரும் தகட்டின் முன்னரே திரைக்கதவம் உள்ளது. அதுவே இப்பணியைச் செய்துவிடும்.

இரண்டாவது, இவ்வில்லை தொலைவை மட்டுமே நோக்கிற்று. பல்லாயிரம் அடி உயரத்திலிருந்து பார்ப்பதற்குத் தூரத்தை மாற்றவேண்டிய தேவை இல்லை. ஆதலின் முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு வைக்கப்படவில்லை. அதனை நாமே அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது, வில்லை வீழ்த்தும் படமோ பெரிது. காமிராவின் தகடோ சிறிது. பழைய பிலிம் 127 மி.மீ. சதுரம். இன்று முழுத்தகடு எனப்படுவதும் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமுமே உடையது. பரப்பைக் கணக்கிடின் படத்தில் ஏறத்தாழப் பத்தொன்பதில் ஒரு பங்கே தகட்டில் விழும். பிலிமில் மூலைக்கு மூலை 53 பாகை கண்ட வில்லை, இங்கே 14 பாகையே காண்கிறது. இயல்பான பார்வையுடைய வில்லை தொலைநோக்கு வில்லையைப் போல் ஆகிவிடுகிறது. வில்லை மாறவில்லை, நாம் அதன் படத்தின் நடுவை மட்டும் கொய்துகொள்கிறோம்.

தூரக் கணக்கு

வில்லைக்கும் தகட்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஒன்றே இம்முயற்சியின் உயிர்நிலை. மிகத் தொலைவிலுள்ள பொருளின் படம் வில்லையின் பின் 178 மி.மீ. தூரத்தில் தெளிவாக விழும். பொருள் அணுகுந்தோறும் படம் பின்னே செல்லும். பள்ளியிற் படித்த வில்லைச் சமன்பாட்டால் கணக்கிட்டேன். பொருள் 10 மீட்டரில் இருப்பின் வில்லையை 3.2 மி.மீ. முன்னே தள்ளவேண்டும், 3 மீட்டராயின் 11.2 மி.மீ.; 2 மீட்டராயின் 17.4 மி.மீ. ஆகவே 20 மி.மீ. நகரும் அமைப்பு இருப்பின் ஒருவர் முகத்தைப் படமெடுக்கப் போதும்.

இந்த 178 மி.மீ. தூரம் வில்லைக்குள் உள்ள ஒரு கற்பனைத் தளத்திலிருந்து அளக்கப்படுவது. கண்ணாடியின் பின்முகத்திலிருந்து அன்று. ஆதலின் புத்தகக் கணக்கை நம்பி மரத்தை அறுத்தலாகாது. யான் செய்த முறை எளிது. வில்லையை மாடிச் சன்னலில் வைத்துத் தொலைவில் நின்ற பனைமரத்தை நோக்கச் செய்தேன். பின்னே எண்ணெய் தடவிய தாளைப் பிடித்து, பனையின் தலைகீழ் உருவம் கூர்மையாக விழும் இடத்தைக் கண்டு, வில்லைக்கூட்டின் பின்விளிம்பிலிருந்து அத்தாள்வரை பத்து முறை அளந்து சராசரி எடுத்தேன். காமிராவின் வாய் வளையத்திலிருந்து தகட்டுவரை உள்ள தூரத்தை அவ்வளவினின்று கழித்தல் வேண்டும். கண்ணாடி மடிப்பு உள்ள பழைய டிஜிட்டல் காமிராக்களில், கேனனில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. அத்தூரம். கண்ணாடி மடிப்பு இல்லாத புதியவற்றில் சோனிக்கு 18 மி.மீ. எஞ்சுவதே நாம் கட்டவேண்டிய குழாயின் நீளம்.

வெட்டுவதா, பொருத்துவதா?

வில்லையின் கூடு காமிராவின் வாயைவிட மிக அகன்றது. முதலிற் சென்ற ஒரு பட்டறையில், கூட்டின் பின்விளிம்பைக் கடைந்து எடுத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும் என்றனர். கூலியும் குறைவு. யானும் ஏறத்தாழ இசைந்துவிட்டேன். அன்றிரவு அவ்வெண்ணம் என்னை உறுத்திற்று.

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர், விளங்காத சொல்லைக் கண்டால் தம் ஊகத்தை அடிக்குறிப்பில் எழுதுவர். எழுத்தாணி கொண்டு ஏட்டைச் சுரண்டித் திருத்தார். உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை வெளியிடுமுன் ஏடு பல தேடி ஒப்புநோக்கினார் என்பதை வகுப்பில் கேட்கின்றோம். ஏடு இருந்தாலன்றோ பின்வருவோர் அவர் கொண்ட பாடத்தை ஒப்பிட்டு நோக்க இயலும்? வில்லையின் விளிம்பைக் கடைந்தபின் என் அளவு பிழையெனத் தெரியின் யாது செய்வது? பாட்டனார் நாற்பது ஆண்டு கீறலின்றிக் காத்த பொருளாயிற்றே!

மறுநாள் வேறொரு பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த முதிய கடைசல்காரர் வில்லையைத் துணியாற் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இதில் கைவைக்க வேண்டாம். இதைக் கவ்விக்கொள்ள ஒரு வளையம் கடைந்து தருகிறேன். தப்பிப் போனால் வளையம் தானே போகும்” என்றார். அவர் அலுமினிய வளையம் ஒன்று கடைந்து, மூன்று நைலான் திருகுகள் வைத்துக் கொடுத்தார். நைலானாதலின் கூட்டில் தழும்பு விழாது.

அவ்வளையத்தை ஒட்டுப்பலகையில் பதித்தேன். பாட்டனாரின் பழைய உருப்பெருக்கியிலிருந்த துருத்தி இடைக்குழாயாயிற்று. காமிராவின் வாய்மூடி ஒன்றை நடுவே துளைத்துத் துருத்தியின் பின்பலகையில் பொருத்தினேன். இவை யாவும் ஒரு நீண்ட மரத்தண்டின் மேல் நிற்கும். அத்தண்டே முக்காலியில் ஏறும். பளு முழுவதையும் காமிராவின் வாயில் தொங்கவிடின் வாய் வளைந்துவிடும். துருத்தியினுள் கறுப்பு வெல்வெட்டுத் துணி ஒட்டினேன். பத்தொன்பதில் பதினெட்டுப் பங்கு ஒளி தகட்டிற் படாமல் உள்ளே அலைவதால், அதனைத் துணி விழுங்காவிடின் படம் வெளுத்துப்போம்.

மஞ்சள் நிறமும் வெயிலும்

வில்லையினூடே வெள்ளைத் தாளை நோக்கினால் தேயிலை நீர் நிறமாகத் தோன்றிற்று. ஒளியை மிகுதியாக வளைத்தும் நிறங்களைச் சிதறவிடாமல் காப்பதற்காக, இதன் பின்பகுதிக் கண்ணாடியில் தோரியம் கலந்துள்ளனர். தோரியம் கதிர்வீசும் தன்மையது. அக்கதிர்கள் ஆண்டுக்கணக்கில் கண்ணாடியைத் தாக்கி மஞ்சளாக்கிவிடுகின்றன. தோரியம் நமக்கு அயலான பொருளன்று. பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலையில் அது நெடுங்காலம் சேர்க்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலிலுள்ள மோனசைட்டில் அது உண்டு. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தார்.

இதனைக் கேட்டு அஞ்சவும் வேண்டா, அசட்டையும் வேண்டா. இடையிடையே எடுத்துக் கையாள்வதால் வரும் கதிர் சிறிது. ஆயினும் வில்லையைப் படுக்கையருகே வைத்தலும், கண்ணோடு ஒட்டி நெடுநேரம் நோக்குதலும் ஆகா. கண்ணாடியை உடைத்தலோ அராவுதலோ கூடவே கூடாது. அதன் தூள் உடலுட் புகுதலே பெருங்கேடு.

புற ஊதாக் கதிர் பட்டால் இம்மஞ்சள் தெளியும் என்று படித்து, மே மாதத்து வெயிலில் வில்லையை மொட்டைமாடியில் வைத்துவிட்டுக் கீழே வந்தேன். சிறிது நேரத்தில் பாட்டியாரின் கூக்குரல் கேட்டது. 71 மி.மீ. வாயுடைய வில்லை சூரியனைக் குவித்து, வடகம் காயவைத்த வேட்டியில் ஒரு துளை சுட்டுவிட்டது! வேட்டியோடு போயிற்று, காய்ந்த ஓலையாயின் என்னாகியிருக்கும்? வில்லையை வெயிலில் விட்டுச் செல்லாதீர் என்பதை இக்கட்டுரையின் முதற் பாடமாகவே கொள்க. பின்னர்ச் சிறிய புற ஊதா விளக்கொன்றை வாங்கி, பெட்டியை மூடி வைத்து, அதன் ஒளி கண்ணிற் படாமல், மூன்று வாரம் விளக்கொளி காட்டினேன். மஞ்சள் பெரிதும் அகன்றது.

முதற்படம்

காமிராவில், வில்லை இல்லாமலும் கதவம் இயங்கும்படி ஏற்பாடு செய்து, ஒளியளவைக் கையாலேயே அமைத்தேன். பாட்டியாரைத் திண்ணையில் அமர்த்தி 3 மீட்டர் தள்ளி நின்றேன். வாய் முழுதும் திறந்த நிலையில் அத்தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. கண் தெளிந்தால் காது தெளியாது. அவர் மூச்சு விட்டாலே கண்ணும் கலங்கும். காமிராத் திரையில் உருவைப் பெருக்கிப் பார்த்துத் துருத்தியை மயிரிழையாக நகர்த்தி முப்பது படம் எடுத்தேன். இருபத்தேழு பழுது. எஞ்சிய மூன்றில் ஒன்றில், பாட்டியாரின் கண்ணிமைகள் ஒவ்வொன்றும் எண்ணத்தக்கனவாய் நின்றன. பின்னிருந்த முருங்கை மரம் பச்சைப் புகைபோல் கரைந்திருந்தது.

அமெரிக்க நிழற்படச் செய்தியாளர் டேவிட் பர்னெட் இவ்வகை வில்லையைப் பழைய ஸ்பீடு கிராபிக் காமிராவில் பொருத்தி, 2004-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தற் காட்சிகளைப் படமாக்கினார். அவர் பெரிய பிலிமையே பயன்படுத்தியதால் வில்லையின் பார்வை முழுதும் அவருக்குக் கிட்டிற்று. என் படத்தைக் கண்ட பாட்டியாரும் அதனையே கேட்டார்: “இவ்வளவு பெரிய கண்ணாடிக்கு இவ்வளவுதான் படமா?”

அவ்வினாவுக்கு விடை தேடிப் பின்பலகையை மாற்றினேன். வில்லையை அசையாமல் நிறுத்தி, காமிராவை மட்டும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்திப் படத்தைத் துண்டு துண்டாக எடுத்துக் கணினியில் இணைக்கலாம். 127 மி.மீ. சதுரத்தை நிரப்பக் கணக்கின்படி நான்குக்கு ஆறாக 24 படங்கள் போதும். ஓரங்களில் கதிர்கள் சாய்ந்து வருதலின் காமிரா வாயின் விளிம்பு நிழலிட்டது. ஆதலின் நெருக்கமாக 40 எடுத்தேன். அசையும் முகத்துக்கு இம்முறை உதவாது. செம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு விடியற்காலையில் முயன்றேன். அலைகள் இணைப்பில் பொருந்தவில்லை. எதிர்க்கரையும், நீர்க்கோழிகள் ஒதுங்கிய கோரையும், அதற்கப்பால் எழுந்த அடுக்கு வீடுகளும் முழுமையாக அமைந்தன. அவ்வேளையில் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி ஊர்தி ஒன்று தலைக்குமேல் சென்றது. ஊர்தியிலிருந்து ஊரை நோக்கப் பிறந்த வில்லை, ஊரிலிருந்து ஊரையே நோக்கி நின்றது.

முடிவுரை

வில்லைக்குப் பிலிம் என்றும் தகடு என்றும் வேறுபாடு தெரியாது. உரிய தூரத்தில் எதனை வைப்பினும் அதன்மேல் படம் வீழ்த்தும். ஆதலின் 1944-ஆம் ஆண்டின் கருவியும் இன்றைய கருவியும் சேர்வதற்கு அளவு ஒன்றே தூது. அளவு சரியாயின் எதனையும் வெட்டவேண்டுவதில்லை.

அவ்வேரிப்படத்தைப் பெரிதாக அச்சிட்டுப் பாட்டனாரின் படத்தருகே மாட்டியுள்ளோம். மூன்று நைலான் திருகுகளைத் தளர்த்தினால் வில்லை வந்தபடியே தகரப்பெட்டிக்குத் திரும்பும். எனக்குப்பின் அதனை எடுப்பவர், என்னினும் நன்றாகப் பொருத்தக்கூடும். நம் மாணவ அன்பர் இல்லங்களிலும் இத்தகைய பெட்டிகள் இருத்தல் கூடும். திறந்து பாருங்கள், அளந்து பாருங்கள், அறுக்குமுன் மறுமுறையும் அளந்து பாருங்கள்.