கைப்பேசி இருக்கும்போது நூலகர் எதற்கு?

பினாங்கின் டத்தோ கிராமாட்டிலிருந்து சிப்பாய் லைன்ஸ் அதிக தூரமில்லை. 1996-இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று இரு அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களின் மலேசிய வளாகமாக இயங்கும் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. கெலுகோர் பக்கம் போனால் 1969-இல் பிறந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அதன் நூலகம் முதல் துணைவேந்தர் ஹம்சா செண்டுட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இப்படி வாசலுக்கு அருகிலேயே பெரிய நூலகங்கள் இருந்தும், அவற்றைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் எண்ணங்கள் பல தவறானவை. அதனால் நட்டப்படுவது பிள்ளைகள்தாம்.

நம்பிக்கை: நூலகர் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைப்பவர், கற்பிப்பது விரிவுரையாளர் வேலை.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்த்தப்பட்டபோது, வேலையில் உயிர்ப்பில்லை என்று வகுப்பறைக்கே திரும்பிவிடப் பார்த்தார். லண்டன் போய் நூலகவியல் படித்த பிறகுதான் அவர் மனம் மாறியது. வாசகருக்கு வேண்டியது எது என்று கேட்டறிந்து, அவர் நேரம் வீணாகாமல் அதை அவரிடம் கொண்டு சேர்ப்பதே நூலகரின் தலையாய வேலை என்று வாழ்நாள் முழுதும் எழுதினார், செய்தும் காட்டினார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் நூலாகத் தந்தவர் ஓர் ஆசிரியர் என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

நம்பிக்கை: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தேடக் கற்றுத்தர வேண்டியதில்லை.

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. விரல் வேகம் வேறு, தேடும் திறன் வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் ஓர் ஆய்வு செய்தார்கள். வரலாற்று முனைவர்கள் 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பவர்கள் 10 பேர், இளநிலை மாணவர்கள் 25 பேர். எல்லாரிடமும் சில இணையத்தளங்களைக் கொடுத்து, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். மாணவர்களில் பலர் அதே பக்கத்தைக் கீழே வரை படித்து, அழகான சின்னத்தையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். முனைவர்களிலும் ஏமாந்தவர்கள் உண்டு. சரிபார்ப்பவர்களோ அந்தப் பக்கத்தை உடனே விட்டு வெளியேறி, இதை நடத்துபவர் யார், மற்றவர்கள் இவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடினார்கள். இந்தப் பழக்கம் தானாக வராது, யாராவது சொல்லித்தர வேண்டும்.

ஒரு மாணவி பினாங்கில் டெங்கி பற்றி அசைன்மென்ட் எழுதப் போகிறாள் என்று வையுங்கள். நல்ல நூலகர் கணினியைத் தொடுமுன் அவளைத்தான் கேட்பார்: நோயாளிகளின் வயதா, மழைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பா, கொசு பெருகும் இடங்களா? கேள்வி குறுகியதும் பாதி வேலை முடிந்தது. அடுத்து, சொற்களை எப்படி இணைத்துத் தேடுவது என்று காட்டுவார். ஒரே நோயை ஒரு மருத்துவர் ‘ஹார்ட் அட்டாக்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘மையோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்பார். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் இலவசமாக நடத்தும் பப்மெட், இரண்டு கட்டுரைகளையும் ஒரே பொருள்தலைப்பின் கீழ் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தத் தலைப்பை அறிந்தவளுக்கு ஒரு மணி நேரத்தில் கிடைப்பது, அறியாதவளுக்கு ஒரு வாரமானாலும் முழுதாகக் கிடைக்காது.

நம்பிக்கை: ஆய்விதழில் அச்சாகிவிட்டால் அது உண்மை.

தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருப்பதுபோல் காட்டிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-இல் ‘லான்செட்’ இதழிலேயே வந்தது. ஆராய்ந்தது வெறும் 12 குழந்தைகளை. அந்த இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010-இல். இடையில் 12 ஆண்டுகள். இன்றும் வாட்சாப் குழுக்களில் அந்தப் பயம் உலவுகிறது. ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்ப்பதும், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழை அடையாளம் காண்பதும் பல்கலைக்கழக நூலகங்கள் கற்றுத்தரும் பாடங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் மேற்கோள் பட்டியலே தந்துவிடும் என்பவர்கள் 2023-இல் நியூயார்க்கில் நடந்ததை நினைத்துக்கொள்ளட்டும். சாட்ஜிபிடி கற்பனை செய்த வழக்குகளை உண்மையென நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம். கட்டுரையில் வரும் ஒவ்வொரு மேற்கோளையும் நூலகத் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்து, இருந்தால் மட்டும் சேர்க்க வேண்டும்.

நம்பிக்கை: பல்கலைக்கழக நூலகத்தில் தமிழுக்கு என்ன இருக்கப் போகிறது?

மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் ‘தமிழ் மலேசியானா’ என்ற பட்டியலை வெளியிட்டது. தொகுத்தவர் இராம சுப்பையா. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் பதிவுசெய்த பட்டியல் அது. இந்த மண்ணில் நம்மவர் எதையெல்லாம் எழுதி அச்சிட்டார்கள் என்று அறிய விரும்பும் மாணவர் அங்கிருந்து தொடங்கலாம். நூலகரிடம் போய் அந்தப் பெயரைச் சொன்னால், அடுத்து எங்கே தேடுவது என்று அவர் வழிகாட்டுவார்.