உள்ளமும் எண்ணும்

பல்கலைக்கழகங்களில் ஒரு துறையோடு பிறிதொன்றையும் இணைத்துப் பயிலும் வழக்கம் உண்டு. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் உளவியலோடு கணிதமும் கற்று, 1954-இல் பட்டம் பெற்றவர் டேனியல் கானமன்.

மறு ஆண்டு, இசுரேலியப் படையில் சேரும் இளைஞரை இன்ன பணிக்கு உரியர் எனத் தேரும் முறையைச் சீர்செய்யும் பொறுப்பு அவர்பால் வந்தது. அப்போது அவர்க்கு அகவை 21. அதுகாறும் தேர்வாளர் சிறிதுநேரம் உரையாடித் தம் மனத்திற் பட்டதையே தீர்ப்பாக்கினர்; அத்தீர்ப்போ பெரும்பாலும் பொய்த்தது. பொருந்தாப் பணியிற் புகுந்த வீரனுக்கு உயிரன்றோ இழப்பு! கானமன் ஆறு பண்புகளை வகுத்து, ஒவ்வொன்றற்கும் வினாக்கள் அமைத்து, தனித்தனியே மதிப்பெண் இடுவித்தார். தம்மைப் பொறிகளாக்குவதாகத் தேர்வாளர் சினந்தனர், அச்சினம் இயல்பே. எனினும், பின்னர் வீரர் பணியாற்றிய திறத்தோடு அம்மதிப்பெண்கள் முன்னையினும் நன்கு ஒத்தன.

2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது. பொருளியலை அவர் ஒரு பாடமாகவும் பயின்றாரல்லர்.