தனி அறையில் சொன்ன பதில்

அன்புள்ள தங்கைக்கு,

இளைஞர் நீதிக் குழுமத்திலிருந்து முதல் அழைப்பு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். பதினாறு வயது முடிந்த பையன். கொலை என்னும் கொடிய குற்ற வழக்கு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முடிவெடுக்க வேண்டும். அதற்கு உளவியலாளரான உன் மதிப்பீடு தேவைப்படுகிறது.

கூர்நோக்கு இல்லத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பையனைக் கூட்டிவந்து உட்காரவைப்பார்கள். முதுகை நிமிர்த்தி, கைகளைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு இருப்பான். “கத்தியால குத்தினா என்ன ஆகும்?” என்று கேட்பாய். “செத்துருவாங்க மேடம்” என்பான். “அப்புறம்?” “போலீஸ் பிடிக்கும் மேடம்.” எல்லாம் சரியான பதில்கள். விளைவை உணரும் திறன் உள்ளது என்று எழுதிவிட்டு வந்துவிடலாம். நான் பார்த்த அறிக்கைகள் பலவும் அப்படித்தான் இருக்கின்றன. எனக்கு அதில்தான் கவலை.

உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904இல் இந்தப் பதின்பருவத்தைப் புயல் என்றார். மானிடவியலாளர் மார்கரெட் மீட் 1928இல் சமோவாத் தீவுப் பெண்களைக் காட்டி அதை மறுத்தார். பிறகு டெரெக் ஃப்ரீமன் மீடை மறுத்தார். இதெல்லாம் நீ படித்ததுதான். உனக்கு இப்போது கைகொடுக்கக்கூடியது, 2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட ஒரு சோதனை. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் வண்டியை நிறுத்தாமல் போகப் போகப் புள்ளி கூடும். மோதினால் சேர்த்தது போய்விடும். தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளும் 24 வயது தாண்டியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓட்டினார்கள். சம வயது நண்பர்கள் இருவர் பக்கத்தில் நின்றதும் பிள்ளைகள் எடுத்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பானது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை.

இப்போது உன் அறையை நினைத்துப் பார். நீ அவனைப் பார்ப்பது தனியாக, நிதானமாக, நாற்காலியில். வழக்கில் சொல்லப்படும் சம்பவமோ ராத்திரியில், நாலு பேர் நடுவில், ஒருவன் கத்திக்கொண்டிருக்கையில் நடந்தது. உனக்குப் பதில் சொல்பவன் பெரியவனைப் போல யோசிக்கிறான் என்பதை வைத்து, அந்த ராத்திரியில் அவன் எப்படி யோசித்தான் என்று சொல்ல முடியாது. சட்டமே குற்றம் நடந்த சூழ்நிலையையும் மதிப்பிடச் சொல்கிறது. அந்தப் பகுதியைத்தான் பலர் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அதனால் சூழ்நிலைக்கு நேரம் கொடு. பள்ளியை எப்போது விட்டான், ஏன் விட்டான், கூட இருந்தவர்களில் மூத்தவன் யார், அவனிடம் இவனுக்கு என்ன கடன், என்ன பயம். நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கையைப் படி. அது போதாது, அவன் அம்மாவைப் பார். ஆனால் “நீதான் செஞ்சியா?” என்று மட்டும் கேட்காதே. குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இது விசாரணை அல்ல என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது.

செத்தவனுக்கும் ஓர் அம்மா இருக்கிறாள். “சேர்ந்து செய்தால் கொலை கொலையில்லையா?” என்று அவள் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் அவன் பொறுப்பேற்கத்தான் வேண்டும். எந்த முறையில் என்பதுதான் உன் முன்னால் இருக்கும் கேள்வி. அதே 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பதினெட்டு வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் இரண்டு: சகவயதினரின் அழுத்தத்துக்கு இந்த வயது எளிதில் ஆட்படும், குணம் இன்னும் உறைந்துவிடவில்லை. இந்த இரண்டையும் உன் குழும உறுப்பினர்களுக்கு எளிய சொற்களில் எடுத்துச் சொல்.

ஐக்யூ எண் கேட்பார்கள். எழுது, ஆனால் அது எதைக் காட்டாது என்பதையும் பக்கத்திலேயே எழுது. 2022இல் நம் உச்ச நீதிமன்றம், இந்த மதிப்பீடு நுட்பமான வேலை, குழுமத்தில் குழந்தை உளவியல் தெரிந்தவர் இல்லையென்றால் நிபுணரின் உதவி கட்டாயம் என்று சொல்லிவிட்டது. அந்த நிபுணர் இப்போது நீ. ஒரே அமர்வில் முடித்துத் தரச் சொன்னால், பையன் முதலில் ஆஜரான நாளிலிருந்து மூன்று மாத அவகாசம் சட்டத்திலேயே உண்டு என்று நினைவூட்டி, அடுத்த அமர்வுக்கான தேதியை எழுத்தில் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அக்கா